பௌத்தமும் இல்லத்தாரும்

மணிமேகலையைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் எவரும் என்றோ ஒரு நாள் ஒரு வினாவை எதிர்கொள்ள நேரும். எமது வகுப்பிலும் அவ்வினா எழுந்தது. "நள்ளிரவில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் விட்டுச் சென்றவர், வீட்டில் இருப்பவர்களுக்கு எதைக் கற்பிக்க முடியும், சேர்?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் குறும்புக்காகக் கேட்கவில்லை. நெடுநாள் நோயாளியான தாயைப் பராமரிக்கும் பொறுப்பு அவளுடையது. பாடசாலை விட்டதும் அடுப்படியும் பணிவிடையும் அவளுக்காகக் காத்திருந்தன. அன்று நாம் கூறியது பாடநூல் விடை. அது அவளுக்கும் போதவில்லை, எமக்கும் போதவில்லை.

பௌத்தத்தைப் பற்றி நம்மிடையே இரு கருத்துக்கள் வேரூன்றியுள்ளன. அது வீட்டைத் துறந்தோர்க்குரிய சமயம் என்பது ஒன்று. கண்ணை மூடியிருந்து தன் மன அமைதியைத் தேடிக்கொள்ளும் தனிமனிதப் பயிற்சி என்பது மற்றொன்று. இரண்டுமே பௌத்தப் பயிற்சியைச் சுற்றத்தாரிடமிருந்து விலகும் வழியாகவே காண்கின்றன. வரலாறு இவ்வாறு கூறவில்லை. தம்மைத் திருத்திக்கொள்வதையும் தம்மைச் சார்ந்தோரைத் தாங்குவதையும் ஒரே முயற்சியின் இரு பக்கங்களாகக் கண்ட இல்லத்தார் அச்சமயத்தின் தொடக்க காலத்திலேயே இருந்தனர். அவர்களை மறந்து எழுதப்படும் பௌத்த வரலாறு அரை வரலாறேயாகும்.

முதலில் அந்த நள்ளிரவை எடுத்துக்கொள்வோம். உறங்கும் மனைவி, அருகிற் குழந்தை, வாயிலிற் குதிரை என்று நாம் அறிந்துள்ள காட்சி, புத்தருக்குப் பல நூற்றாண்டுகளின் பின்னர் எழுந்த வரலாற்றுக் காவியங்களிலும் உரைநூல்களிலும் வளர்ந்த காட்சியாகும். அவற்றினும் பழைமை வாய்ந்த மஜ்ஜிம நிகாயத்துச் சூத்திரமொன்று இதனை வேறு விதமாகக் கூறுகிறது. தாயும் தந்தையும் கண்ணீர் வடித்து நிற்க, இளமையிலேயே தலை மழித்து வெளியேறியதாக அங்கு புத்தரே சொல்கிறார். அங்கே நள்ளிரவில்லை, களவாகச் செல்லுதலும் இல்லை. ஆனாற் கண்ணீர் இருக்கிறது. அதனை மறைக்க அப்பழைய நூல் முயலவில்லை.

அக்கண்ணீருக்கு ஒரு காலப் பின்னணி உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டையொட்டிய கங்கைச் சமவெளியில் பழைய குலக்குழுக்கள் உடைந்துகொண்டிருந்தன. மகதம், கோசலம் ஆகிய முடியரசுகள் அவற்றை விழுங்கின. புத்தர் பிறந்த சாக்கிய குலமும் கோசலத்தாற் பின்னர் அழிக்கப்பட்டது என்பது பௌத்த மரபு. நகரங்கள் எழுந்தன, வாணிகச் சாத்துக்கள் பெருவழிகளிற் சென்றன, நாணயம் புழங்கியது. நிலமும் பொருளும் உடைய 'ககபதி' எனப்பட்ட இல்லத் தலைவன் புதிய சமுதாயத்தின் முக்கிய மனிதனானான். குலம் முன்னர் தாங்கிய நோயாளியையும் முதியவரையும் அநாதையையும் இப்போது யார் தாங்குவது? பௌத்தத்தின் இல்லற அறம் இந்த வினாவின் நடுவிலேதான் பிறந்தது.

துறவிகளின் சங்கத்திற்கே இவ்வினா விரைவில் வந்து சேர்ந்தது. புத்தர் கபிலவஸ்துவுக்குத் திரும்பியபோது அவருடைய மகன் இராகுலனும் சங்கத்திற் சேர்க்கப்பட்டான். முதியவரான சுத்தோதனர் இதனைக் கேட்டுத் துடித்தார். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, தசையை அறுத்து, எலும்பின் உள்ளே மச்சை வரை சென்று தங்குவது என்று அவர் முறையிட்டதாக விநயபிடகம் கூறும். பெற்றோரின் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் துறவிற் சேர்க்கலாகாது என்ற விதி அன்று பிறந்தது. ஒரு கிழவனின் துயரம் சங்கத்தின் சட்டமாயிற்று. தன்னால் விளைந்த வேதனையைக் கேட்டுத் தன் விதியை மாற்றிக்கொள்ளும் இயக்கத்தை, இரக்கமற்ற இயக்கம் என்று சொல்ல முடியுமா?

இல்லத்தாருக்கென்றே கூறப்பட்ட அறத்தின் தலைசிறந்த வடிவம் தீக நிகாயத்துச் சிகாலோவாத சூத்திரத்திற் காணப்படுகிறது. இராசகிருகத்துச் சிகாலன் என்ற இளைஞன் இறந்த தந்தையின் சொல்லைக் காப்பதற்காக, விடியலில் ஈர ஆடையுடன் நின்று ஆறு திசைகளையும் வணங்கிக்கொண்டிருந்தான். புத்தர் அவனது வணக்கத்தைப் பழிக்கவில்லை. திசைகளுக்குப் புதிய பொருள் தந்தார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை ஏவலரும் தொழிலாளரும், மேற்றிசை துறவோர். வானத்தை நோக்கிக் கூப்பிய கைகளை அவர் மனிதரை நோக்கித் திருப்பினார்.

கீழ்த்திசைக்குரிய கடமைகளை நம் மாணவர் கூர்ந்து படிக்க வேண்டும். வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் கொடுத்தல், நோயுற்றபோது பராமரித்தல், அரிய உணவைப் பகிர்ந்துண்ணல், உரிய காலத்தில் ஓய்வளித்தல் என ஐந்து கடமைகள் எசமானுக்கு விதிக்கப்பட்டன. குடும்பத்தின் அன்பு வட்டம் அடுப்படிக்கு அப்பாலும் செல்கிறது என்பதற்கு இது சான்று. இரு திறத்தாருக்கும் கடமைகள் கூறப்பட்டமையும் கவனிக்கத்தக்கது. மகன் தந்தைக்குச் செய்ய வேண்டியதுபோலத் தந்தை மகனுக்கும், மனைவி கணவனுக்குச் செய்ய வேண்டியதுபோலக் கணவன் மனைவிக்கும் செய்ய வேண்டியவை வகுக்கப்பட்டன. மனைவியை மதித்தலும், இழிவுபடுத்தாமையும், வீட்டின் அதிகாரத்தை அவளிடம் ஒப்படைத்தலும் கணவனது கடமைகளாகும்.

விதிகளைவிட மனிதரே நெஞ்சில் நிற்பர். அங்குத்தர நிகாயத்தில் வரும் நகுலனின் பெற்றோர் அத்தகையோர். பக்கர் நாட்டில் வாழ்ந்த முதிய தம்பதியர் அவர்கள். நகுலபிதா கடும் நோயுற்று மரணத் தறுவாயிற் கிடந்தார். மனைவி அழுது புலம்பவில்லை. கணவனின் மனத்தை அரிக்கும் கவலைகள் எவையென ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து அவற்றுக்கு விடை கூறினாள். தான் பருத்தி நூற்கவும் கம்பளி சிக்கெடுக்கவும் வல்லவள், ஆதலாற் பிள்ளைகளையும் வீட்டையும் காப்பாற்ற இயலும் என்றாள். வேறொருவனை நாடேன் என்றாள். அறவோரைக் காணும் வேட்கையும் ஒழுக்கமும் தன்னிடங் குன்றா என்றாள். இறுதியாக, மன அமைதியில் தான் நிலைபெற்றிருப்பதையும், அறத்தில் ஐயந்தீர்ந்து காலூன்றியிருப்பதையும் எடுத்துரைத்தாள். ஆகவே கவலையோடு சாகாதீர், கவலையோடு சாதல் துன்பம் என்று முடித்தாள். கணவர் பிழைத்தார். கோலூன்றி எழுந்து சென்று அவர் புத்தரைக் கண்டபோது, இத்தகைய மனைவி அறிவுரை கூற வாய்த்தது உமது பேறு என்று புத்தர் பாராட்டினார்.

இக்கதையில் அப்பெண் சொன்னவற்றின் வரிசை பொருள் பொதிந்தது. முதலில் நூற்கும் கை. கடைசியில் தெளிந்த மனம். பிழைப்புக்கு வழியில்லாத வீட்டிற் சென்று மன அமைதி பேசுவது வெறும் பேச்சென்று அவள் அறிந்திருந்தாள். மனந் தெளியாதவள் கூலிக்கு நூற்றாலும் சாகக் கிடப்பவனுக்கு ஆறுதலாக முடியாதென்றும் அறிந்திருந்தாள். அவளது பயிற்சி ஆழ்ந்திருந்தமையாலேதான் அவளது அன்பு கணவனுக்குச் சுமையாகாமல் ஊன்றுகோலாயிற்று. தனிமனித வளர்ச்சியும் உற்றாரைத் தாங்குதலும் ஒன்றே என்று நாம் கூறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சங்கத்திற்குள்ளும் இதே பாடம் கற்பிக்கப்பட்டது. வயிற்றுக்கடுப்பினால் தன் மலசலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை ஏனையோர் கைவிட்டிருந்தனர். அவர் எமக்கு ஒன்றும் செய்வதில்லை, ஆதலால் நாமும் செய்யவில்லை என்றனர். புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் செய்து, இருவருமாக அவரைக் கழுவிக் கட்டிலிற் கிடத்தினர். பின்பு பிக்குகளைக் கூட்டி, உங்களைப் பராமரிக்கத் தாயுமில்லை, தந்தையுமில்லை. நீங்கள் ஒருவரையொருவர் பராமரிக்காவிடின் வேறு யார் செய்வர் என்று வினவினார். எனக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயாளிக்குத் தொண்டு செய்க என்றும் பணித்தார். தியானம் எவ்வளவு ஆழ்ந்தது என்பதற்கு அங்கு அளவுகோலாக நின்றது ஒரு நோயாளியின் படுக்கையே.

இவற்றைச் சொல்லும் நாம் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. கடன்பட்டோரையும் அடிமைகளையும் அரச படையினரையும் துறவிற் சேர்க்கலாகாது என்ற விதிகளும் அதே விநயபிடகத்தில் உள்ளன. படைவீரர் பற்றிய தடை மகத மன்னன் பிம்பிசாரனின் வேண்டுகோளால் வந்தது. கடன் கொடுத்தவனின் உரிமையும், அடிமையின் உடைமையாளனது உரிமையும், அரசனின் படையும் சங்கத்தின் வாயிலிற் காவல் நின்றன. ஏவலனை அன்போடு நடத்து என்று கூறிய அறம், ஏவலன் ஏன் ஏவலனாயிருக்கிறான் என்று கேட்கவில்லை. பெண்களுக்குச் சங்கத்தில் இடம் கிடைத்தது. ஆயின் பிக்குகளுக்குக் கீழ்ப்பட்ட இடமே கிடைத்தது. அக்காலத்தின் வரம்பு அது. ஒரு சிந்தனையை மதிப்பது அதன் வரம்பை மறைப்பதாகாது.

அவ்வரம்பை ஓரளவு விரித்துப் பார்க்க முயன்றவன் அசோகன். கி.மு. 261 அளவில் நிகழ்ந்த கலிங்கப் போரில் 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர் என்றும், 1,00,000 பேர் கொல்லப்பட்டனர் என்றும், அதனிற் பன்மடங்கினர் மாண்டனர் என்றும் தன் 13ஆம் பாறைச் சாசனத்தில் அவனே பொறித்தான். அதே சாசனத்தில் நாம் எளிதிற் கடந்துசெல்லும் ஒரு கருத்து உள்ளது. பெற்றோரையும் மூத்தோரையும் போற்றி, நண்பரிடமும் உறவினரிடமும் அடிமைகளிடமும் வேலையாட்களிடமும் முறையாக நடந்தோர் கலிங்கத்தில் வாழ்ந்தனர். அவர்கள் கொல்லப்பட்டனர், உற்றாரைப் பிரிந்தனர். தாம் தப்பியவர்களும் தம் அன்புக்குரியோர் அடைந்த கேட்டினாற் புண்பட்டனர். ஆறு திசைகளையும் பேணிய மனிதனின் வீடு போரில் எரிந்ததென்பதை வென்ற அரசனே ஒப்புக்கொள்கிறான். 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட நாட்டில், காணாமலாக்கப்பட்டோரின் படங்களைத் தாய்மார் ஏந்தி நிற்பதைக் கண்ட நமக்கு, இந்தப் பாறையின் எழுத்துக்குப் பொழிப்புரை தேவையில்லை.

இச்சமயம் எமது தீவிற் பரவியபோது தமிழர் அதற்கு அந்நியராய் இருக்கவில்லை. அனுராதபுரத்து அபயகிரி விகாரையின் அருகே, கி.மு. 2ஆம் நூற்றாண்டளவிற்குரிய பிராமிச் சாசனம் ஒன்று உள்ளது. சமணன் என்ற பெயருடைய தமிழன் ஒருவன் அமைப்பித்த, தமிழ் இல்லத் தலைவர்களின் மண்டபம் பற்றியது அது. அங்கு ஒவ்வொருவரின் இருக்கைக்கும் நேரே அவரவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவர்களுள் ஒருவன் மாலுமி. அச்சாசனத்தில் அவர்களைக் குறிக்கும் சொல், பாளி நூல்களில் நாம் கண்ட அதே 'ககபதி' என்ற சொல்லேயாகும்.

அதே அனுராதபுரத்தில், மகாவிகாரையிலிருந்து கி.பி. 5ஆம் நூற்றாண்டிற் புத்தகோசர் எழுதிய விசுத்திமார்க்கம் அன்பைப் பயிலும் முறையைப் படிப்படியாக விளக்குகிறது. அன்புத் தியானத்தைத் தன்னிடத்திலேயே தொடங்க வேண்டும். அடுத்து மதிப்புக்குரியோர், பின்பு நெருங்கியோர், பின்பு வேண்டுதல் வேண்டாமை இல்லாதோர், இறுதியிற் பகைவர் என்று விரிக்க வேண்டும். மிக நெருங்கியவரை முதலில் எண்ணிப் பயிலத் தொடங்கலாகாது என்பதற்கு அவர் கூறும் காரணம் அனுபவத்திற் பிறந்தது: அவருக்குச் சிறு துன்பம் நேரினும் நமக்கு அழுகை வந்துவிடும். நோயாளியின் அருகில் இரவு முழுதும் விழித்திருந்தவர்கள் இதன் உண்மையை அறிவர். தானே கலங்கி நிற்பவர் பிறரைத் தாங்க முடியாது.

அப்பயிற்சியின் எல்லையையும் அந்நூல் ஓர் உவமையாற் காட்டுகிறது. நீயும், உன் அன்பனும், அயலான் ஒருவனும், பகைவன் ஒருவனும் ஒருங்கே அமர்ந்திருக்கையில் கள்வர் வந்து, பலியிட ஒருவனைத் தா என்று கேட்டால் யாரைக் கொடுப்பாய்? அன்பனைக் காக்கப் பகைவனைக் கொடுப்பவன் இன்னும் பயிலவில்லை. எல்லோரையும் காக்கத் தன்னையே கொடுப்பவனும் முற்றப் பயிலவில்லை. ஏனெனில் அவன் தன்னை வேறாக நிறுத்திவிட்டான். கொடுக்கத்தக்கவர் நால்வரில் எவருமில்லை என்று காண்பவனே எல்லைகளை உடைத்தவன். பகைவனைப் பலியிட மறுக்கும் இந்நூல் எழுதப்பட்டது அனுராதபுரத்தில் என்பதை, பௌத்தத்தை இனத்தின் கொடியாக உயர்த்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டும். 1972ஆம், 1978ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புகள் பௌத்தத்திற்கு முதன்மையிடம் கொடுத்தன. சட்டம் ஒரு சமயத்திற்கு இடங் கொடுக்கலாம். அச்சமயத்தின் பயிற்சியை மக்கள் நெஞ்சிற் புகுத்த அதனால் இயலாது.

இல்லத்தாரின் ஆழ்ந்த பயிற்சி நவீன காலத்தில் மீண்டும் தலையெடுத்தது பர்மாவில். பிரித்தானியர் நாட்டைக் கைப்பற்றி மன்னராட்சி வீழ்ந்த காலத்தில், லெடி சயாதோ (1846–1923) கல்வியையும் தியானத்தையும் மடத்திலிருந்து பொதுமக்களிடம் கொண்டுசென்றார். அம்மரபில் வந்த ஊ பா கின் துறவியல்லர். நாட்டின் கணக்காளர் நாயகம். தம் அலுவலகத்து ஊழியருக்கே தியானம் கற்பித்து, 1952இல் இரங்கூனில் தியான நிலையம் அமைத்தார். அவரிடம் பயின்ற வணிகர் கோயங்கா, 1969இல் இந்தியா சென்றமைக்கு உடனடிக் காரணம் அங்கிருந்த தாயின் நோய். பம்பாயில் தம் பெற்றோர் உள்ளிட்ட சிலருக்கு அவர் நடத்திய முதற் பயிற்சியிலிருந்தே பின்னர் உலகெங்கும் பரவிய இயக்கம் தோன்றிற்று. 1994இல் டில்லி திகார்ச் சிறையின் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளிடமும் அது சென்றது. நகுலமாதாவின் வழி அறுபடவில்லை என்று நாம் கொள்ளலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இன்று தியானம் விலைப்பொருளாகவும் விற்கப்படுகிறது. ஓய்வின்றி உழைக்கும் ஊழியரிடம், வேலையைக் குறைக்காமல், மூச்சைக் கவனிக்குமாறு முதலாளி கூறும் காலம் இது. சிகாலனுக்குக் கூறப்பட்ட ஐந்து கடமைகளையும் மறைத்துவிட்டு அமைதியை மட்டும் பகிர்வது பௌத்தமன்று; அது மயக்க மருந்து.

இதனை நன்குணர்ந்தோர் ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றியது வியப்பன்று. அயோத்திதாச பண்டிதர் 1898இற் கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்று, சென்னை இராயப்பேட்டையிற் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழும் சங்கத்தின் கிளைகளும் கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்றன. கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட மக்கள், தம் பிள்ளைகளின் திருமணத்தையும் தம் பெற்றோரின் ஈமக்கடனையும் எவர்க்கும் தலைகுனியாமல் தாமே நடத்த வழி பிறந்தது. தம் அன்புக்குரியோரை மானத்தோடு வாழவைப்பதே அவர்கள் கண்ட பௌத்தப் பயிற்சி. சென்னையில் அக்காலப் பௌத்த வட்டங்களோடு தொடர்பு கொண்டிருந்த சிங்காரவேலரே 1923இல் அந்நகரில் மே தினத்தைக் கொண்டாடினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அரை நூற்றாண்டின் பின், 1956 ஒக்டோபர் 14ஆம் நாள், நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அம்பேத்கர் பௌத்தந் தழுவினார். அவர் மறைந்த பின்னர் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற நூலின் முன்னுரை கூர்மையான வினாக்களை எழுப்புகிறது: பிக்கு என்பவன் தன்னை மட்டும் நிறைவாக்கிக்கொள்பவனா, சமுதாயத் தொண்டனா? தன்னை மட்டும் நிறைவாக்குபவனாயின் அவனாற் பௌத்தம் பரவப் பயனில்லை என்பதே அவர் விடை.

அந்நூலில் அந்த நள்ளிரவும் மாறிவிடுகிறது. உரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியர் கோலியர் மீது போர் தொடுக்க முனைகின்றனர், சித்தார்த்தர் எதிர்க்கிறார். அவரது குடும்பத்தை ஒதுக்கிவைத்து நிலத்தைப் பறிக்கும் அச்சுறுத்தல் எழுகிறது. தம்மால் வீட்டார் துன்புறாதிருக்கத் தாமே நாட்டைவிட்டு வெளியேற இசைகிறார். மனைவி யசோதரையிடம் கூறியே செல்கிறார். அவள் கலங்காமல் விடைகொடுக்கிறாள். இராகுலனை வளர்க்கும் பொறுப்பு இல்லையாயின் தானும் உடன் வந்திருப்பேன் என்கிறாள். இது வரலாற்றுச் செய்தியா, அம்பேத்கரின் விளக்கமா என்று ஆய்வாளர் வழக்காடலாம். வீட்டைக் கைவிட்டவரை வழிகாட்டியாக ஏற்க முடியாதென்று ஒடுக்கப்பட்ட மக்கள் கருதினர் என்பதும், எவரும் போருக்குப் பலியாகாமலிருக்கச் சென்றவரையே அவர்கள் வேண்டினர் என்பதும் இதனாற் புலனாகும்.

எமது நாட்டிலும் இதனைச் செய்துபார்த்தவர் எம்மைப் போன்ற ஓர் ஆசிரியர்தான். கொழும்பு நாலந்தாக் கல்லூரியிற் கற்பித்த ஏ. ரி. ஆரியரத்ன 1958இல் தம் மாணவரை அழைத்துக்கொண்டு, தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொலுவைக் கிராமத்திற்குச் சென்றார். அங்கு தங்கி உழைத்ததிலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தது. தனிமனிதன், குடும்பம், கிராமம், நாடு, உலகம் என விழிப்பு விரிய வேண்டும் என்றது அது. புத்தகோசர் மனத்தளவில் வகுத்த வட்டங்கள் அங்கு மண்வெட்டியோடு இணைந்தன. நிலவுடைமையையும் அரசியலதிகாரத்தையும் அது போதிய அளவு எதிர்க்கவில்லை என்ற இடதுசாரிகளின் குறை நியாயமானதே. ஆயினும் மாணவரின் கையைப் பிடித்து ஒதுக்கப்பட்டோரின் முற்றத்துக்கு அழைத்துச் சென்ற அந்த முதல் அடி, நாம் ஒவ்வொருவரும் எடுத்துவைக்கக்கூடிய அடியாகும்.

இப்போது அம்மாணவிக்கு விடை கூறலாம். வீட்டை விட்டுச் சென்றவரின் போதனையை வீட்டிலிருந்தோரே சோதித்துப் பார்த்தனர். நூல் நூற்ற நகுலமாதாவும், சுரங்கத்தில் உழைத்த கோலார்த் தமிழரும், தாயின் நோய் கேட்டுக் கடல் கடந்த மகனும் அதனை உரைத்துப் பார்த்து, பயன் கண்ட இடத்தில் வைத்துக்கொண்டனர். மகளே, உன் தாயின் படுக்கையருகே நீ பொறுமையோடு அமர்ந்திருக்கும் நேரம் வாழ்விலிருந்து பறிக்கப்பட்ட நேரமன்று, அதுவும் பயிற்சியே. ஆயின் அப்பாரத்தை நீ ஒருத்தியே சுமக்க வேண்டுமென்று எந்த அறமும் விதிக்கவில்லை. தாயும் தந்தையும் இல்லாத இடத்தில் ஒருவரையொருவர் பராமரிக்க வேண்டியது சங்கத்தின் கடமையென்றால், உன் சங்கம் எங்கே என்று கேட்கும் உரிமை உனக்குண்டு. அயலவரையும், பாடசாலையையும், மருத்துவமனையையும், அரசையும் நோக்கி நீ அதைக் கேட்கலாம். ஆசிரியராகிய எம்மை நோக்கியும் கேட்கலாம்.

அன்று வகுப்பிற் கூறாத விடை இது. மறுநாளே நாம் அவளது வீட்டுக்குச் சென்றிருக்க வேண்டும். இனியேனும் செல்வோம்.